மேற்கு வாசலில் ம. எட்வின்

முதலில் அநியாயம் செய்தது சற்குணம் வாத்தியார்தான். முப்பத்தோரு வருஷமாக மதுரநாயகம் இதைச் சொல்லிவருகிறார். கேட்க ஆள் குறைந்துபோனதால் இப்போதெல்லாம் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் இருக்கிறவரிடம் சொல்கிறார், அவரும் பாதிப் பேச்சில் தாடையைத் திருப்பிக்கொள்கிறார். ஆனாலும் வரிசை மாறியதில்லை. முதலில் வாத்தியார். மற்றவர்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

நடந்தது இவ்வளவுதான். கிருபையாபுரம் கோயிலின் ஞாயிறு பள்ளிக்கு அப்போது சற்குணம் வாத்தியார் தலைவர். மே மாதம் பத்து நாள் பிள்ளைகளுக்கு நடக்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, ஊரில் எல்லாரும் வி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள், பந்தல்காரரான மதுரநாயகம் சும்மாவே பந்தல் போட்டுக்கொடுத்தார். கதை சொல்லும்போது படங்களை ஒட்டிக் காட்ட ஒரு பலகை இருந்தால் நல்லது என்று வாத்தியார் வாய்விட்டதும், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் என்றாலும் கை படித்தவர் என்பதால், வீட்டிலிருந்த சாம்பல் நிறக் கம்பளியைக் கொண்டுவந்து ஒரு பலகையில் சுருக்கமில்லாமல் இழுத்து அறைந்து கொடுத்தார். பின்பக்கம் பஞ்சுத்துணி ஒட்டிய படங்களை அதில் வைத்தால் பசையே இல்லாமல் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

கடைசி நாள் வாத்தியார் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். மைக் செட்காரருக்குச் சொன்னார், சர்பத் கலக்கிய அக்காமாருக்குச் சொன்னார், எலுமிச்சம்பழம் கொடுத்தவருக்கும் ஐஸ்கட்டி சுமந்தவருக்கும் தனித்தனியாகச் சொன்னார், பிள்ளைகளின் கூச்சலைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், பத்து நாளும் கோடை மழையை மேலேயே பிடித்துவைத்த ஆண்டவருக்கும் சொன்னார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி” என்று முடித்தார். அந்த அனைவரில் மதுரநாயகம் ஒரு ஆளாக இருந்தார். வீட்டுக்குப் போய் விரல்விட்டு எண்ணிப்பார்த்ததில், அந்த அனைவரில் அவர் ஒருத்தர் மட்டும்தான் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வந்தார், ஆனால் உள்ளே போகவில்லை. மேற்கு வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாத்தியார் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடட்டும், ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டிருந்தார். வாத்தியார் அவரைப் பார்த்தார், காற்றுக்காக நிற்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். இரண்டு மாசம் கழித்துத் தானாக உள்ளே போனால் என்ன என்று மதுரநாயகத்துக்கே தோன்றியது, ஆனால் இரண்டு மாசம் நின்றவன் சும்மா உள்ளே போனால் இரண்டு மாசம் சும்மா நின்றதாக ஆகிவிடும். அப்படியே இரண்டு வருஷம் ஆனது, இருபது ஆனது. மழையிலும் வெயிலிலும் ஒரு ஆராதனையைக்கூட அவர் தவறவிட்டதில்லை. உள்ளே இருக்கிறவர்களாவது தூங்குவார்கள், நிற்கிறவர் எப்படித் தூங்குவார். புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அவரைச் செருப்புக் காவல்காரர் என்று நினைத்துக் குடையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். சொந்த மகளின் கல்யாணத்தன்று, மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனது மச்சினன். அவர் வெளியே நின்று தாலி கட்டும் மணிச்சத்தத்தைக் கேட்டார். அது வாத்தியார் செய்த இரண்டாவது அநியாயம். இப்படி ஒரு கணக்கு ஓடுவது வாத்தியாருக்குத் தெரியாது.

இது இப்படி நடந்துகொண்டிருக்க, இந்த வருஷத்து வி.பி.எஸ்.ஸின் மூன்றாம் நாள், துணி மனுஷன் கோபித்துக்கொண்டு வெளியே வந்தான்.

அவன் அந்தக் கம்பளிப் பலகையில் ஒட்டுகிற துணிப் படங்களின் பெட்டியிலேயே மூத்த ஆள். முக்கியமானவர்களுக்கெல்லாம் பெட்டியில் தனித்தனிப் படம் இருந்தது, இவனுக்குப் பெயர் கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு தாடிக்காரன். கூட்டம் வேண்டுமென்றால் இவனைக் கூட்டமாக ஒட்டுவார்கள், கல்யாண வீட்டில் தண்ணீர் சுமக்கிறவனாக ஒட்டுவார்கள், வழியில் போகிறவனாக ஒட்டுவார்கள், ஒருதரம் முக்காடு போட்டு ஒரு விதவையாகக்கூட ஒட்டினார்கள். மூன்றாம் நாள் கதை முடிந்து ஷீபா டீச்சர் எல்லாரையும் பெட்டிக்குள் அடுக்கினபோது இவன் பலகையை விட்டு உரிந்து, பாய்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் நடுவே நடந்து, மேற்கு வாசலைத் தாண்டிப் போனான். வாசற்படியில் ஒரு சாண் உயரம் இருந்தவன் புங்கமரத்தடிக்கு வந்தபோது ஆள் உயரம் இருந்தான். கனம் மட்டும் பழைய கனம்தான். முன்னால் நின்று பார்த்தால் ஒரு மனுஷன், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு.

“டீச்சர், கூட்டம் வெளிய போயிட்டுது,” என்றாள் ஐந்து வயது ஜெனிட்டா.

“போகட்டும், நீ வசனத்தச் சொல்லு,” என்றாள் ஷீபா.

ஞாயிற்றுக்கிழமை மதுரநாயகம் வந்து பார்த்தால் அவர் நிற்கிற இடத்தில், அவர் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு, அவர் பார்க்கிற அதே வாசலைப் பார்த்தபடி இன்னொருவன் நின்றான். மதுரநாயகத்துக்கு ரத்தம் கொதித்தது. “வே, இது ஆள் நிக்கிற இடம்,” என்றார். துணி மனுஷன் காற்றில் லேசாகப் படபடத்தானே தவிர நகரவில்லை. வேறு வழியில்லாமல் இவர் மரத்தின் மறுபக்கம் நின்றார். அங்கே எறும்பு இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கே வந்தார், அவன் இருந்தான். அதற்கடுத்த நாள் நாலரைக்கு வந்தார், அப்போதும் இருந்தான். வீட்டுக்குப் போகாதவனை முந்திக்கொண்டு வரமுடியாது என்பது புரிய அவருக்கு மூன்று நாள் தூக்கம் செலவானது.

சபையாருக்கு இதில் பெரிய குழப்பம் இருக்கவில்லை. யாரோ வெளியே நிற்பது அந்த வாசலில் புதுசு இல்லை. சபைக் குருவான ஐயர் வயதில் இளையவர், குருத்துவக் கல்லூரியில் பல பாடம் படித்துவிட்டு வந்தவர், “வந்தவருக்கு இடம் பார்க்கிறதுதான் நம்ம வேலை, எங்கேயிருந்து வந்தார்னு பார்க்கிறது இல்ல,” என்று சொல்லிவிட்டார். ஒரு மழை பெய்து அவன் சுருங்கிப்போனபோது பெண்கள் சங்கத்தார் கரி இஸ்திரிப் பெட்டியோடு வந்து, முகத்தில் மட்டும் ஈரத்துணி போட்டு, அவனைப் பக்குவமாகத் தேய்த்து நிமிர்த்தினார்கள். காற்று கொண்டுபோகாமல் இருக்க மரத்துக்கும் சன்னலுக்கும் இடையே கயிறு கட்டித் தோளில் இரண்டு கிளிப் மாட்டினார்கள். வி.பி.எஸ். பிள்ளைகள் இடைவேளையில் அவனுக்கு முன்னால் வரிசையாக நின்று, கையை ஆட்டிக் குதித்துப் பாடுகிற பாட்டெல்லாம் பாடினார்கள், சர்பத்தை அவன் காலடியில் வைத்தார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற மாதிரி அவனுக்கும் ஒரு வருகை அட்டை செய்து நாளுக்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினார்கள். அட்டைக்குப் பெயர் வேண்டியிருந்ததால் ஜெனிட்டா ‘எட்வின்’ என்று பெயர் வைத்தாள். அவளுடைய வகுப்பில் ஏற்கெனவே இரண்டு எட்வின்கள் இருந்தார்கள், இருவருமே நல்லவர்கள் என்று காரணம் சொன்னாள்.

இதையெல்லாம் மதுரநாயகம் எறும்புப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவரை யாரும் தேய்க்கவில்லை. ஒரு நட்சத்திரம் ஒட்டவில்லை. ஒரு டம்ளர் சர்பத் வந்ததுண்டு, அதுவும் “பிடிங்க மாமா, இந்தா வந்துருதேன்” என்று பிடிக்கக் கொடுத்தது.

ஒரு மத்தியானம் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர் எட்வினிடம் பேச்சுக் கொடுத்தார். “சரி, நிக்கிறதுன்னு ஆயிட்டு. உமக்கு என்ன குறைன்னாவது சொல்லும்.” அவன் சொல்லவில்லை. “அப்பச் சரி, என் கதையக் கேளும்,” என்று மதுரநாயகம் ஆரம்பித்தார். பந்தலைச் சொன்னார், பலகையைச் சொன்னார், எலுமிச்சம்பழம் கொடுத்தவருக்கு வந்த நன்றியைச் சொன்னார். பல வருஷத்துக்குப் பிறகு கொட்டாவி விடாமல் ஒருவன் கேட்கிறான் என்ற உற்சாகத்தில், “விடுபட்ட அனைவருக்கும்” என்ற இடத்துக்கு வந்தபோது காற்று திரும்பியது, எட்வினும் திரும்பி வெறும் கோடாகிப்போனான். மிச்சத்தைக் கோட்டிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் குடும்ப ஞாயிறு. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமாக முன்னால் போய் நிற்க, ஐயர் ஜெபிப்பார். சபையின் எந்தக் குடும்ப அட்டையிலும் இல்லாத ஆள் ஒருவர்கூட இருக்கக்கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். தனி ஆட்களைப் பக்கத்து வீட்டோடு சேர்த்துவிடுவார்கள். குடும்ப ஊழியக் குழுவினர் கூடி, எட்வினை எந்த வீட்டில் சேர்ப்பது என்று பேசினார்கள். ஒரு இடத்தில் சேர்ந்து நிற்கிறவர்கள் ஒரு குடும்பம்தானே என்று யாரோ சொல்ல, அதுவே முடிவானது. அன்று சாயங்காலம் நாலு பேர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மதுரநாயகம் வீட்டுக்கு வந்தார்கள்.

“முடியாது,” என்றார் மதுரநாயகம்.

“எழுதிக்கோங்க,” என்றாள் அவர் மனைவி தவமணி, காப்பியை நீட்டிக்கொண்டே. “இவரையே வச்சுக் காலம் தள்ளிட்டேன். அது துணி. சோறு கேக்காது, பழைய கதை பேசாது.”

“நான் யாரு மேல உள்ள கோவத்துல நிக்கேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும். ஒரு கம்பளிக்கு நன்றி சொல்லலன்னு நிக்கிய. அந்தக் கம்பளி எங்க அப்பா எனக்கு வாங்கித் தந்தது. எங்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போனிய. அந்த மார்கழி முழுக்க நான் சேலையைப் போத்திக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு யாரு நன்றி சொன்னா? நான் எந்த மரத்தடியில போய் நின்னேன்?”

குழுவினர் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதுரநாயகம் அந்த மார்கழிக் குளிரையும் வாத்தியார் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். குழுவினர் தாளில் ‘ம. எட்வின்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். குடும்ப ஞாயிறன்று தவமணி தனியாகத்தான் முன்னால் போய் நின்றாள். ஐயர் அவள் தலைமேல் ஒரு கையை வைத்து, மற்றக் கையை மேற்கு வாசல் பக்கம் நீட்டி ஜெபித்தார்.

சனி ஞாயிறு விடுமுறை போக, வி.பி.எஸ்.ஸின் ஒன்பதாம் நாள் காலை ஷீபா மைக்கில் வருகை எடுத்தாள். ஒவ்வொரு பெயராக வாசிக்க ஒவ்வொரு பிள்ளையாக “உள்ளேன் டீச்சர்” என்றது. “ம. எட்வின்,” என்று அவள் வாசித்தாள்.

வெளியே துணி மனுஷன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். வலது கையைத் தூக்கினான். தோளிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மதுரநாயகத்தின் கையில் கொடுத்துவிட்டு, படி ஏறி உள்ளே போய், பாயில் ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷீபா ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தாள்.

மதுரநாயகம் இரண்டு கிளிப்போடு நின்றார். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அவருடைய பெயர் கோயில் மைக்கில் கேட்டது, அதுவும் முதல் எழுத்து மட்டும், அதுவும் வேறொருவன் பெயருக்கு முன்னால். ஒன்பதாம் நாளே உள்ளே போகிறவனெல்லாம் கோபக்காரனா என்று நினைத்தார். பிறகு, அவன் கெட்டிக்காரன் என்றும் நினைத்தார். அந்த இரண்டாவது நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை ஷீபா அவர் வீட்டுக்கு வந்தாள். தவமணி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள்.

“பெரியப்பா, நான் சட்டை போடத் தெரியாத பிள்ளையா இருந்த காலத்துலேர்ந்து வெளிய நிக்கிய. வேண்டுதல்னு நெனச்சோம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வாத்தியார் சொல்லியிருப்பாரே.”

“கேட்டு வாங்குறது நன்றியாம்மா?”

“அப்ப நாளைக்குக் கேக்காமலே கெடைக்கும். நன்றியுரை அவருதான். நான்தான் எழுதிக் குடுக்கேன். உங்க பேர எழுதிட்டேன்.” வாசல்வரை போனவள் திரும்பிச் சொன்னாள்: “சீக்கிரம் வாங்கிக்கோங்க பெரியப்பா. அவருக்கு எண்பத்திரண்டு ஆச்சு. மறதி வந்துட்டு. போன வாரம் மகனைப் பாத்து, நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுட்டாராம்.”

மதுரநாயகத்துக்கு அது யோசித்தே பார்க்காத விஷயம். வாத்தியார் செத்துப்போனால் என்ன செய்வது என்று பலமுறை யோசித்து, அடக்கத்தன்றும் வெளியேதான் நிற்பது என்று முடிவெடுத்து வைத்திருந்தார். மறந்துபோனால் என்ன செய்வது என்று யோசித்ததில்லை.

பத்தாம் நாள் அவர் இரண்டு தடவை ஷேவ் செய்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, எறும்பு இல்லாத தன் சொந்த இடத்தில் நின்றார். பிள்ளைகள் ஆடினார்கள், பாடினார்கள், வசனம் சொன்னார்கள், பெற்றோர்கள் படம் பிடித்தார்கள். பிறகு சற்குணம் வாத்தியாரைக் கைத்தாங்கலாக மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாத்தியார் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார். மைக் செட்டுக்கு நன்றி சொன்னார், சர்பத்துக்குச் சொன்னார், ஐஸ்கட்டிக்குச் சொன்னார்.

“முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தி இந்த ஞாயிறு பள்ளிக்குப் பலகை செய்துகொடுத்து, தன் வீட்டுக் கம்பளியையும் கொடுத்து…” என்று வாசித்த வாத்தியார் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இதை மைக்குல சொல்லப்பிடாது, ஆளைப் பாத்துச் சொல்லணும்,” என்றார். “எங்க அவரு?”

கோயில் முழுவதும் மேற்கு வாசலைத் திரும்பிப் பார்த்தது. வாத்தியாரும் திரும்பினார். கம்பை ஊன்றிக்கொண்டு, யாரும் பிடிக்கவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து, வாசற்படி இறங்கி, புங்கமரத்தடிக்கு வந்தார். முப்பத்தோரு வருஷமாக மதுரநாயகம் மனசுக்குள் நடத்திப் பார்த்த நடை அது. அதில் கம்பு மட்டும் இல்லை.

வாத்தியார் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். தெரிந்த முகத்தைப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

“வே, நீரு எப்பவும் இங்கதான நிக்கீரு. மதுரநாயகம்னு ஒருத்தரு, பந்தல்காரரு. அவரைப் பாத்தீரா?”

மதுரநாயகம் வாயைத் திறந்தார்.

“பழைய சங்கதிவே,” என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. “ஒரு வருஷம் எல்லாருக்கும் நன்றி சொன்னேன், அவரு பேரை விட்டுட்டேன். வீட்டுக்குப் போயி சோத்துல கையை வச்சப்பதான் ஞாபகம் வந்துது. சாப்பாடே எறங்கல. அடுத்த வாரம் பாத்துச் சொல்லுவோம்னு இருந்தேன், அந்த வாரம் வெக்கமாயிட்டு. அதுக்கு அடுத்த வாரம் இன்னும் வெக்கமாயிட்டு. ஒரு வாரம் சொல்லாதவன் ரெண்டாம் வாரம் எப்படிப் போயிச் சொல்லுவான். அவரும் கோவப்பட்ட மாதிரித் தெரியல. நல்ல மனுஷன்.”

நான்தான் என்று சொன்னால் முடிந்தது. ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. ஆனால் நான்தான் என்று சொல்லி வாங்கினால் அது கேட்டு வாங்கினதாகும், நேற்றுத்தான் ஷீபாவிடம் பெரிதாகப் பேசியிருக்கிறார். அதுவும் போக, தான் இத்தனை வருஷம் தேடுகிற ஆளையே நேரில் பார்த்து, ‘நீரு எப்பவும் இங்கதான நிக்கீரு’ என்று கேட்டுவிட்டோம் என்பது அந்தக் கிழவருக்குத் தெரிந்தால், இன்றைக்கும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்படி இரண்டு காரணம் சொல்லிக்கொண்டார். மூன்றாவது காரணம், நன்றி கிடைத்துவிட்டால் நாளையிலிருந்து எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை; அதை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

“இன்னைக்கு வரல்ல போலிருக்கு,” என்றார்.

“வந்தா சொல்லுவீரா?”

“சொல்லுதேன்.”

“மறந்துராதியும். எனக்குத்தான் ஒண்ணும் நிக்க மாட்டேங்கு,” என்று சொல்லிவிட்டு வாத்தியார் திரும்பி, கோயிலுக்குப் பதிலாகத் தெருப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். தெருவில் டவுன் பஸ் வருகிற சத்தம் கேட்டது. மதுரநாயகம் ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்தார். “இந்தப் பக்கம் வாத்தியாரே,” என்றார். படியில் ஏற்றினார், பார்த்து, கால் இடறும் என்றார், வாசலில் தலை முட்டாது, நிமிர்ந்தே வாங்க என்றார், பெஞ்சுகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்காரவைத்து, கம்பை வாங்கிச் சுவரில் சாத்தினார். நிமிர்ந்து பார்த்தபோதுதான் மேலே சுற்றுகிற விசிறிகளைக் கண்டார். அவர் வெளியே போனபோது அங்கே விசிறி கிடையாது.

அவர் கோயிலுக்குள் வந்ததை விசித்திரமாகப் பார்க்காமல், அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்கள். தவமணி எட்வினைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள்; அவன் தள்ளாவிட்டாலும் இடம் இருந்தது.

இப்போது மதுரநாயகம் ஞாயிறுதோறும் உள்ளேதான் உட்காருகிறார். சமாதானமாகிவிட்டதாக யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. பாக்கி வைத்தவன் உள்ளே இருக்கும்போது வெளியே நின்று என்ன பிரயோசனம், கண் பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் உள்ளே வருகிறேன் என்கிறார். அதற்காகவே வாத்தியாருக்கு நேர் பின்னால் இருக்கிற பெஞ்சைப் பிடித்திருக்கிறார். வாத்தியாருக்குப் பாட்டுப் பக்கத்தை எடுத்துக்கொடுக்கிறார், கண்ணாடியைத் துடைத்துக்கொடுக்கிறார், ஆராதனை முடிந்ததும் வாசல்வரை கூட்டிப்போகிறார். ஒவ்வொரு வாரமும் பிரசங்கத்துக்கு முன்னால் வாத்தியார் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரிடம் கேட்கிறார்.

“அந்த மதுரநாயகம் வந்தாரா வே?”

“இன்னும் வரல்ல.”

“வந்தா விட்டுராதியும். அவருக்கு நான் ஒண்ணு பாக்கி.”

“ஆமா,” என்கிறார் மதுரநாயகம். “பாக்கிதான்.”